கண்டக்டரம்மாவின் ஏழாம் எண் கேள்வி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, அழைத்ததும் தட்டாமல் வந்து மேடையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களே, கட்சி பார்க்காமல் வந்திருக்கும் அவை உறுப்பினர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ஓட்டுநர்களே, நடத்துநர்களே, பணிமனைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மாவின் கணவரே, மகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வாசலில் நிற்பவர்கள் உள்ளே வாருங்கள். நடுவில் இடம் இருக்கிறது. அம்மா இங்கே இருந்திருந்தால், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, நடுவுல இன்னும் பத்துப் பேர் நிக்கலாம்" என்று ஒரே குரலில் உங்களை நகர்த்தியிருப்பார். எனக்கு அந்தக் குரல் கிடையாது. நீங்களாகவே நகர்ந்து வாருங்கள்.

பதினாறு வருடம் பேருந்து நடத்துநர், பதினான்கு வருடம் மக்கள் அவையின் உறுப்பினர். அவைக்குறிப்பில் அவருக்கு நீளமான பட்டங்கள் உண்டு. ஆனால் தொகுதி முழுக்க, ஏன், அவைக்குள்ளேயும், அவருக்கு ஒரே பெயர்தான். கண்டக்டரம்மா. அவைத்தலைவரே ஒருமுறை வாய்தவறி, "மாண்புமிகு கண்டக்டரம்மா பேசலாம்" என்று சொல்லிவிட்டார். குறிப்பிலிருந்து நீக்கட்டுமா என்று பிறகு கேட்டாராம். "நீக்காதீங்க, அதுதான் உண்மையான பட்டம், மத்ததெல்லாம் வந்து போறது" என்றாராம் அம்மா. அது இன்றும் குறிப்பில் இருக்கிறது.

அவருடைய கட்சி சின்னக் கட்சி. எங்கள் ஆட்சியிலும் எதிர்க்கட்சி, இவர்கள் ஆட்சியிலும் எதிர்க்கட்சி. பதினான்கு வருடமும் அதே வரிசை, அதே ஓரத்து இருக்கை. எத்தனை அமைச்சர்களைக் கேள்வி கேட்டார் என்று எண்ண ஆரம்பித்தால் இந்த மேடை போதாது. அவரிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்ட அமைச்சர் யார் தெரியுமா? நான்தான். அவர் அவைக்கு வந்த முதல் ஐந்து வருடம் போக்குவரத்து அமைச்சராக இருந்தவன் நான். அதற்குப் பிறகு ஆட்சி போனது, காரில் கொடி போனது, நானும் எதிர்க்கட்சி வரிசைக்கு வந்தேன். எங்கே இடம் ஒதுக்கினார்கள்? அவருக்குப் பக்கத்தில். ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

ஆகவே அவரைப் புகழ்ந்துவிட்டு உட்காருவதற்காக மட்டும் நான் வரவில்லை. ஒரு காரியத்தோடு வந்திருக்கிறேன். வரும் புதன்கிழமை கேள்வி நேரத்துக்கான பட்டியல் அச்சாகிவிட்டது. அதில் ஏழாம் எண் கேள்வி அம்மாவுடையது. பதினொரு வருடத்துக்கு முன் மேட்டுச்சாலை இறக்கத்தில் நடந்த பேருந்து விபத்து பற்றிய தொழில்நுட்ப அறிக்கையை அரசு அவையில் வைக்குமா என்பது கேள்வி. அந்தப் பேருந்தை ஓட்டியவர் இந்தக் கூட்டத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த அறிக்கை வெளியே வருமா என்று பதினொரு வருடமாகக் காத்திருக்கிறார். எங்கள் அவை விதிப்படி, உறுப்பினர் இறந்தால் அவருடைய கேள்வியும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சுற்றி வந்துதான் அங்கே சேர முடியும்.

அவர் அவையில் கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்காது, ஏனென்றால் அதற்குப் பதில் சொன்னவன் நான். "வடக்குப் பணிமனையில் எத்தனை பேருந்துகள் உள்ளன?" இதுதான் கேள்வி. என் துறைச் செயலர் சிரித்துக்கொண்டே பதிலை எழுதி நீட்டினார். நான் எழுந்தேன். "நாற்பத்திரண்டு" என்றேன். உட்கார்ந்தேன். சுத்தமான உண்மை. அம்மா எழுந்து, "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறென்ன கேட்பது என்று அன்றைக்கு அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வரிசையில் எல்லோரும் மேசையைத் தட்டினோம். அந்த நாற்பத்திரண்டில் பாதிக்கு மேல் சக்கரம் கழற்றிக் கட்டையில் நிறுத்தி வைத்த வண்டிகள். சிலவற்றில் என்ஜின் கிடையாது. ஒன்றில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. எத்தனை ஓடுகின்றன என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

புதிதாக வருகிற உறுப்பினர் எல்லோரும் செய்கிற தப்புதான் அது. பலர் கடைசி வரைக்கும் அதே தப்பைச் செய்துகொண்டிருப்பார்கள். இவர் என்ன செய்தார்? மறுவாரம் விடியற்காலையில் பணிமனை வாசலில் போய் நின்றார். வெளியே வருகிற வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். அடுத்த கூட்டத்தொடரில் கேள்வி வந்தது. "குறிப்பிட்ட அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குள், வடக்குப் பணிமனையிலிருந்து, சொந்த என்ஜினில் ஓடி வெளியே வந்த பேருந்துகள் எத்தனை?"

செயலர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பதிலை இரண்டாக மடித்துக் கொடுத்தார். எழுந்தேன். "பத்தொன்பது" என்றேன். அம்மா அன்றைக்கு எழுந்து நின்ற விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முன்னால் இருக்கிற மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்பார், எந்த நேரமும் வண்டி பிரேக் போடும் என்பதுபோல. "அமைச்சரே, கண்டக்டருங்க தலையை எண்ணிட்டுத்தான் விசில் ஊதுவோம். எங்ககிட்டப் போய் எண்ணிக்கையில விளையாடலாமா?" என்றார். எங்கள் வரிசையிலேயே சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடானது. அந்தப் பணிமனைக்கு அந்த வருடமே பதினைந்து என்ஜின் போய்ச் சேர்ந்தது. பெருந்தன்மையினால் நான் கொடுத்தேன் என்றா நினைக்கிறீர்கள்? திரும்ப எழுந்து ஒரு எண்ணைப் படிக்க வேண்டுமே என்ற பயத்தில் கொடுத்தேன்.

கேள்வி கேட்டால் என்ன நடந்துவிடும் என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். இதுதான் நடக்கும். அமைச்சராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். கோஷத்துக்கு நாங்கள் பயப்பட மாட்டோம். வெளிநடப்பு செய்தால் உள்ளுக்குள் சந்தோஷம்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். தேதி போட்டு, நேரம் போட்டு, இடம் போட்டு ஒருவர் கேட்டால் மட்டும்தான் கோப்பைத் தேடி ஓடுவோம்.

பெரிய மருத்துவமனைப் பேருந்து கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நோயாளிகளைப் பார்க்கிற நேரம் மாலை ஏழு மணி வரை. கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு. உள்ளே படுத்திருக்கிற புருஷனுக்கோ பிள்ளைக்கோ ஒரு வாய் ஊட்டுவதற்குள் எழுந்து ஓட வேண்டும். அம்மா என்னிடம் கேட்டார். "மருத்துவமனையின் நேரம் சுகாதாரத் துறைக்கு உட்பட்டது" என்றேன். சுகாதார அமைச்சரிடம் கேட்டார். "பேருந்தின் நேரம் போக்குவரத்துத் துறைக்கு உட்பட்டது" என்றார் அவர். இரண்டுமே சரியான பதில், இரண்டிலும் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்த தொடரில், எப்படியோ அலுவலகத்தில் மன்றாடி, இரண்டு கேள்வியும் ஒரே நாளில் அடுத்தடுத்து வருகிற மாதிரி செய்துவிட்டார். நாங்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அதே பழைய பதிலைப் படித்தோம். அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒட்டி ஒட்டித்தானே உக்காந்திருக்கீங்க? பேசிக்கிறதுக்கு நடுவுல ஒரு பஸ் விடணுமா?"

அன்று சிரித்த சிரிப்பில் அவைத்தலைவரின் கண்ணாடி கழன்று விழுந்தது. மூன்று வாரத்தில் கடைசிப் பேருந்து ஏழரை மணிக்கு மாறியது. இன்றைக்கும் ஏழரைக்குத்தான் ஓடுகிறது.

இதையெல்லாம் அவர் தனியாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். இதோ உட்கார்ந்திருக்கிறாரே அவருடைய கணவர், அச்சகத்தில் பிழை திருத்துபவர். அம்மா என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து இவர் எனக்கு மாப்பிள்ளை. ஒவ்வொரு கேள்வியையும் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்துவது இவர்தான். "இந்தக் கேள்வியில ஒரு ஓட்டை இருக்கு, அமைச்சர் நழுவிடுவாரு" என்று சிவப்பு மையில் வட்டம் போடுவார். பல வருடம் என்னை ஓட ஓட விரட்டியது அந்தச் சிவப்பு மைதான் என்பது, பின்னால் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை, அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு வேலை வைத்திருக்கிறேன்.

ஆட்சி போய் எதிர்க்கட்சி வரிசைக்கு வந்த புதிதில் நான் கேட்ட முதல் கேள்வியைச் சொல்லட்டுமா? மானத்தை விட்டுச் சொல்கிறேன். "பழுதடைந்த சாலைகளைச் சீரமைக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா?" அமைச்சர் எழுந்தார். "உண்டு" என்றார். உட்கார்ந்தார். ஐந்து வருடம் பதில் சொல்லிப் பழகியவன், கேள்வி கேட்கத் தெரியாமல் நிற்கிறேன். பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"அமைச்சரே, ஆமான்னு சொல்லிட்டு உக்கார மாதிரி யாராச்சும் கேப்பாங்களா? எண்ணம் யாருக்குத்தான் இல்ல? எந்த ரோடு, எந்த மாசம், யாரு பொறுப்புன்னு கேளுங்க."

பதவி போன பிறகும் என்னை அமைச்சரே என்றுதான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. அண்ணே என்று எப்போது மாறியது என்று நினைவில்லை. கோபம் வந்தால் மட்டும் மறுபடி அமைச்சரே.

இப்போது மேட்டுச்சாலைக்கு வருகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வடக்குப் பணிமனையிலிருந்து கிளம்பிய பேருந்து மேட்டுச்சாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடி, ஒரு கிடங்கின் சுவரில் மோதியது. உள்ளே முப்பத்திநான்கு பேர். பதினொரு பேருக்குக் காயம். முன் இருக்கையில் இருந்த, சலவைக் கடை வைத்திருந்த ஓர் அம்மா இறந்துபோனார். மறுநாள் காலை நான் அவையில் எழுந்து ஓர் அறிக்கை படித்தேன். "முதற்கட்டத் தகவலின்படி ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்." விபத்து நடந்து ஒரு நாள் கூட முழுதாக ஆகவில்லை. எங்கே இருந்து வந்தது அந்தத் தகவல்? எங்கேயிருந்தும் வரவில்லை. அவைக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

ஓட்டுநரை வேலையிலிருந்து நீக்கினோம். கண்டக்டரம்மா முன்பு வேலை பார்த்த வண்டியில் ஆறு வருடம் ஓட்டுநராக இருந்தவர் அவர். அம்மா அவரை நேரே போய்ப் பார்த்திருக்கிறார். வேலையை மீட்டுத் தரச் சொல்லிக் கேட்பார் என்று நினைத்துப் போனாராம். அவர் கேட்டது வேறு. அம்மா எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"வேலை கெடக்கட்டும்க்கா. பிரேக் சரியில்லன்னு காலையில குறைப் புத்தகத்துல எழுதிக் குடுத்தேன். எடுத்துட்டுப் போன்னு சொன்னாங்க, எடுத்தேன். வேற ஆள் ஓட்டியிருந்தா அந்தம்மா பொழச்சிருப்பாங்களா? நான் செஞ்சதுல ஏதாவது தப்பா? அதை மட்டும் யாராச்சும் பார்த்துச் சொல்லட்டும். எனக்கு வீட்ல உக்காந்து சோறு எறங்க மாட்டேங்குது."

இதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு பதில். இன்று அவர் ஒரு துணிக்கடை வாசலில் காவலாளி. பதினொரு வருடத்தில் ஒருமுறை கூட அவர் பேருந்தின் முன் இருக்கைப் பக்கம் போய் உட்காரவில்லை என்று அவருடைய மனைவி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

தொழில்நுட்பக் குழு போட்டோம். ஆறு வாரத்தில் அறிக்கை வந்தது. அவையில் வைக்கவில்லை. அம்மா கேட்டார். "அறிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது" என்றேன். அடுத்த தொடரில் கேட்டார். அதே பதில். நான் போனேன், எனக்குப் பின் மூன்று அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். வருடத்துக்கு இரண்டு தொடர், இருபத்தொரு முறை கேட்டிருக்கிறார். சில தடவை வரிசை எண்ணுக்கான குலுக்கலில் கேள்வி எண்பதாவதாக விழும், நேரம் முடிந்துவிடும், எழுத்தில் பதில் வரும். அதே கோப்பு, அதே வாக்கியம். ஒரு புள்ளி கூட மாறாது. இந்த இருபத்திரண்டாவது முறைதான் குலுக்கலில் ஏழாவது இடம் கிடைத்தது. கேள்வி நேரத்தில் எப்படியும் எட்டு கேள்வி வரை போகும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தேர்தலில் ஜெயித்தபோது கூட அப்படிச் சிரிக்கவில்லை.

அதற்கு முன், மூன்று வாரத்துக்கு முன்பு, இந்தக் கேள்விப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவை உணவகத்தில் என்னிடம் வந்தார். இரண்டு டீ சொன்னார்.

"அண்ணே, இதுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. ஒரே கேள்விக்கு ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் வராட்டியும் மத்தவர் கேக்கலாம். விதியில இடம் இருக்கு."

அப்போதுதான் சொன்னேன். பதினொரு வருடம் எந்த மனிதரிடமும் சொல்லாததை அந்த டீ ஆறுகிற நேரத்தில் சொன்னேன். உங்களிடமும் இப்போது சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் அம்மா ஒவ்வொரு தொடரிலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இந்த மாதம் ரத்து செய்யப்பட்ட பேருந்து நடைகள் எத்தனை?" நியாயமான கேள்வி. வண்டி வராமல் தெருவில் நிற்கிறவர்களுக்காகக் கேட்டது. ஒவ்வொரு முறையும் பெரிய எண்ணாகப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. பத்திரிகைகள் கேலி செய்தன. ஒருநாள் எல்லாப் பணிமனை மேலாளர்களையும் அழைத்து, "அவை நடக்கிற மாதத்தில் ஒரு வண்டி கூட நிற்கக் கூடாது. ரத்து என்று ஒரு வரி எழுதினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்" என்றேன். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. வாய்மொழி உத்தரவு. அந்தத் தொடரில் நான் எழுந்து, பெருமையாக, "ரத்து ஏதும் இல்லை" என்று படித்தேன். எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து மேட்டுச்சாலை.

பிரேக் சரியில்லை என்று எழுதிக் கொடுத்த வண்டியை மேலாளர் ஏன் அனுப்பினார்? நான் சொன்னதால் அனுப்பினார்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள், வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன், இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால் அவர் மனம் உடைந்து கேள்வியைக் கைவிட்டுவிடுவார் என்று உள்ளுக்குள் நினைத்தேன். அதற்காகத்தான் சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ரத்து எத்தனைன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டது நான்தானே, அமைச்சரே?" என்றார்.

"ஆமாம்மா."

"அப்ப என் கேள்வியும் அன்னிக்கு அந்த வண்டியில ஏறியிருக்கு."

"அப்படி இல்லம்மா..."

"இருங்க. நான் பேசிக்கிறேன். என் பேரும் அதுல வருதுன்னா வரட்டும். அதுக்காகக் கேள்வியைப் பாதி வழியில எறக்கிவிட முடியாது. அந்த மனுஷனுக்கு ஒரு பதில் வேணும். அறிக்கை வரட்டும். நீங்க கையெழுத்துப் போடுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றேன்.

அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நேராவே சொல்லுங்களேன், பரிசீலனையில் உள்ளதுன்னு."

படிவத்தின் ஒரு பிரதியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். தன் பெயரில் மட்டும் கேள்வியைக் கொடுத்தார். குலுக்கலில் ஏழு விழுந்தது. போன வியாழக்கிழமை காலை, அவைக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அந்த மதியம் போய்விட்டார். என் சட்டைப்பையில் அந்தப் படிவம் கையெழுத்து இல்லாமல் இருந்தது.

நண்பர்களே, என் மனதில் ஓடிய முதல் நினைப்பு என்ன என்று கேட்பீர்களா? கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கேள்வி தானாகவே போய்விட்டது என்பதுதான். நிம்மதியாக இருந்தது. ஒரு பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. பிறகு, அவர் முகத்தைப் பார்க்கப் போனேன், மாப்பிள்ளை வாசலில் நின்றார். "மச்சான், புதன்கிழமை கேள்வி என்ன ஆகும்? அதுல ஓட்டை எதுவும் இல்லாம திருத்திக் குடுத்தேன்" என்றார். மனைவியைப் பறிகொடுத்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

இன்று காலை கேள்வி அலுவலகத்துக்குப் போனேன். விதிப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னேன். அவைத்தலைவர் அவையில் இரங்கல் அறிவித்த பிறகுதான் உறுப்பினர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். அந்த அறிவிப்பு நாளைக் காலைதான். இன்று நண்பகல் வரை, இருக்கிற கேள்வியில் இன்னொரு உறுப்பினர் தன் பெயரைச் சேர்க்கலாம். இந்த ஓட்டையையும் அம்மாதான் என்றோ எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அலுவலர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது உங்க காலத்து விஷயமாச்சே?"

"ஆமாம்ப்பா. அதனாலதான்."

"அமைச்சர் எழுந்து உங்களையே கை காட்டுவாரேய்யா."

"காட்டட்டும். முத்திரையைக் குத்து."

பதினொன்று நாற்பதுக்கு முத்திரை விழுந்தது. ஏழாம் எண் கேள்வி உயிரோடு இருக்கிறது.

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களே, துக்கத்துக்கு வந்த இடத்தில் இதைச் சொல்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். அம்மா யாரையும் மறைந்திருந்து தாக்கியதில்லை, முதல்நாளே வந்து, "நாளைக்கு இதைக் கேக்கப்போறேன், படிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் அப்படியே சொல்கிறேன். புதன்கிழமை உங்கள் அதிகாரிகள் எழுதிக் கொடுக்கப்போகிற பதில் எனக்கு மனப்பாடம். அந்தப் பதிலை முதன்முதலில் எழுதச் சொன்னவனே நான். நீங்கள் அதைப் படித்தால், என் துணைக்கேள்வி தயாராக இருக்கிறது. அறிக்கை எந்தத் தேதியில் வந்தது? அதன்மேல், பரிசீலனையில் வைக்கவும் என்று எழுதியது யார் கை? அந்தக் கை என் கை. நீங்கள் சொல்லத் தயங்கினால் நானே சொல்லுவேன். சொல்லிவிட்டுக் கேட்பேன், ஒன்பது வருடமாக அந்த வரியை அடிக்க உங்கள் ஆட்சியில் யாருக்கும் ஒரு பேனா கிடைக்கவில்லையா என்று. நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். நல்லது. தலையாட்டலை அவைக்குறிப்பில் ஏற்ற மாட்டார்கள், வாயால் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நாளைக்கு யாராவது எழுந்து, எதிர்க்கட்சி இப்படித் துருவித் துருவிக் கேட்டதால்தான் அந்த விபத்தே நடந்தது என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கண்டக்டரம்மா எண்ணிக்கையைக் கேட்டார். பொய் எண்ணிக்கையைத் தயாரித்தவன் நான். கேட்டவர் மேல் ஒரு துரும்பு கூட விழ விட மாட்டேன். அவர் இருந்தபோது அந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்கத் தயாராக நின்றார். இனி அந்தச் சுமை என் தலையில் மட்டும் இருக்கட்டும்.

இனி இந்தச் சங்கத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் நான் கொடுக்கிற வாக்கு. எனக்கு எழுபத்தோரு வயது. இந்த அவையின் காலம் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்த இரண்டு வருடமும் அவர் கேட்டு முடிக்காத கேள்விகளை நான் கேட்பேன். பணிமனை வாசலில் விடியற்காலையில் நின்று நானே எண்ணுவேன், முட்டி வலித்தாலும். என்னைவிட இளையவர்கள் பக்கத்தில் வந்து நில்லுங்கள். ஒரு கேள்வியில் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். எங்களில் யார் போனாலும் கேள்வி நிற்கக் கூடாது. மகளே, உன் அம்மாவின் கேள்விக் கோப்புகளை எடைக்குப் போட்டுவிடாதே, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கடைசியாக, மூன்றாவது வரிசையில் இருக்கும் ஓட்டுநர் தம்பிக்கு. எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே கேளுங்கள்.

அறிக்கை புதன்கிழமை வரலாம், அமைச்சர் கால அவகாசம் கேட்டால் இன்னும் சில வாரம் ஆகலாம். வந்தே தீரும். ஆனால் இன்னொரு நாள் கூட நீங்கள் காத்திருக்க வேண்டாம். அந்த அறிக்கையை நான் படித்திருக்கிறேன். வந்த அன்றைக்கே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். பிரேக் பட்டை மாற்றச் சொல்லி அந்தப் பணிமனை மூன்று முறை எழுதியிருக்கிறது, பொருள் போகவில்லை. அன்று காலை நீங்கள் குறைப் புத்தகத்தில் எழுதிய வரி அதில் அப்படியே இருக்கிறது. நான்காம் பக்கத்தில் நிபுணர்கள் எழுதியிருப்பது இது. இறக்கத்தின் கீழே அன்று சந்தை நாள். பிரேக் போன பிறகு ஓட்டுநர் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, வண்டியைக் கிடங்குச் சுவர்ப் பக்கம் வேண்டுமென்றே திருப்பியிருக்கிறார். அப்படித் திருப்பியிருக்காவிட்டால் வண்டி சந்தைக்குள் போயிருக்கும். இதைவிட வேறு எதையும் எந்த ஓட்டுநரும் செய்திருக்க முடியாது.

தம்பி, அந்த அம்மா உங்களால் சாகவில்லை. முப்பத்திமூன்று பேர் உங்களால் பிழைத்தார்கள். சந்தையில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. இது பதினொரு வருடமாக எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

மன்னிப்பை இங்கே கேட்க மாட்டேன். அவையில்தான் உங்கள் மேல் பழி போட்டேன், அங்கேயே எழுந்து நின்று கேட்கிறேன். பார்வையாளர் மாடத்துக்கு உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிவிட்டேன். முன்வரிசை. வந்து உட்காருங்கள்.

கண்டக்டரம்மாவுக்கு என் அஞ்சலி. அமர்கிறேன்.